கை எங்கெங்கே போய் வருகிறது: வேலூர்த் தையற்கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வேலூர் காகிதப்பட்டறையில் இருக்கும் அந்தத் தையற்கடை அகலம் குறைந்து நீளம் கூடியது. முன்பக்கம் அளவெடுக்கும் கவுண்டர், நடுவில் நான்கு மெஷின்களும் ஓர் ஓவர்லாக்கும், கடைசியில் துணி வெட்டும் மேசை. உரிமையாளர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. வெட்டுபவர் அவரைவிட மூத்தவர். கடையில் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. தைப்பதற்கு மூன்று பெண்கள் இருக்கிறார்கள். தொழில் பழக ஒரு பெண் புதிதாக வந்திருக்கிறாள். ஆண்டு முழுவதும் ரவிக்கை, சுடிதார், புடவைக்கு பால்ஸ் என்று வேலை ஓடும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை தனியார் பள்ளிச் சீருடை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போய்விடுவதால், இதுபோன்ற கடைகள் தனியார் பள்ளிகளையும் அந்தச் சில வாரங்களையும் நம்பித்தான் இருக்கின்றன.

ஒவ்வொரு சீசனிலும் கடை பிந்தியது. பள்ளி திறந்த பிறகும் பெற்றோர் கவுண்டரில் வந்து நின்றார்கள். உரிமையாளருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்: ஆள் போதவில்லை. இன்னொரு மெஷினும் அதற்கு ஓர் ஆளும் வேண்டும் என்று முடிவு செய்து, பழைய மெஷின் ஒன்றைப் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். நான் அடுத்த தெருக்காரன். தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வாங்குவதற்கு முன் இருக்கிற வேலையைக் கொஞ்சம் பார்க்கிறேன் என்றேன். “பாருங்கள் அண்ணா, ஆனால் வேலையை நிறுத்தாமல் பாருங்கள்” என்று அனுமதி கிடைத்தது.

பார்த்தவுடன் விளங்கிய ஒன்று உண்டு. இந்தக் கடையில் யாரும் மந்தமானவர்கள் அல்ல. மாஸ்டரின் கை ஒரு சுடிதாரை வெட்டும் வேகத்தை நின்று ரசிக்கலாம். தைக்கும் மூவரும் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள். சோம்பினால் நட்டம் அவர்களுக்கே. திறமை குறையவில்லை, உழைப்பும் குறையவில்லை, வேலை மட்டும் முடியவில்லை. அப்படியானால் நேரம் வேறெங்கோ ஒழுகுகிறது.

கையில் கடிகாரம் எடுப்பதில்லை என்பது என் கட்டுப்பாடு. 1911-இல் அமெரிக்காவின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் வார்ப்புத் தொழிலாளர்களின் பக்கத்தில் ஒருவர் நிறுத்து கடிகாரத்தோடு போய் நின்றார். அவர்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். நியாயமான கோபம் என்றே நினைக்கிறேன். கடிகாரம் மனிதனை அளக்கிறது. எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது கருவியை. ஆகவே ஒரு மூலையில் உட்கார்ந்து, தைக்கிறவரின் வலது கை துணியை விட்டு எப்போதெல்லாம் விலகுகிறது, எங்கே போகிறது, எதற்காகப் போகிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

அதிகமாகப் போன இடம் கத்தரிக்கோல். ஒவ்வொரு தையல் முடிவிலும் நூலை வெட்ட வேண்டும். அதற்கு மூன்று மெஷினுக்கும் பொதுவாக ஒரே கத்தரிக்கோல் இருந்தது, அதுவும் பத்து அங்குலத் துணி வெட்டும் கத்தரி. நூல் வெட்டுவதற்கு அரிவாளை எடுத்த கதைதான். அது பக்கத்து மெஷினில் இருக்கும், அல்லது துணிக்குவியலுக்கு அடியில் இருக்கும். தேடல் சில நொடிதான் என்பதால் யாரும் அதை ஒரு வேலையாகவே எண்ணவில்லை. கிடைக்காதபோது பல்லால் கடித்தார்கள். டெரிகாட்டன் நூல் பல்லுக்குச் சுலபமாக அறுவதில்லை. அறுந்த முனை பிசிறாகி, அடுத்து ஊசியில் கோர்க்கும்போது ஒரு முறைக்கு இரண்டு முறை எச்சில் தொட வேண்டும்.

தொழில் பழக வந்த பெண்ணிடம் மட்டும் இந்தத் தேடல் இல்லை. அவள் மடியில் ஒரு நகவெட்டி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்குத் தயங்கிக்கொண்டே, “அக்கா திட்டுவாங்களோ என்று சொல்லவில்லை சார். எனக்கு அந்தக் கத்தரிக்கோல் எடுப்பதற்குள் எங்கே தைத்தேன் என்பதே மறந்துபோகிறது” என்றாள். மற்ற மூவருக்கும் மறப்பதில்லை. அவர்கள் பல ஆண்டுகளாக அந்தத் தேடலோடு சேர்த்தே தைக்கக் கற்றுக்கொண்டவர்கள். எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் பட்டது இதுதான்: உடைந்த கருவியை யாரும் வைத்திருப்பதில்லை. பாதி வேலை செய்யும் கருவியைத் திறமைசாலி தன் திறமையால் தாங்கிப் பிடித்துவிடுகிறார். பிறகு அது அவர் கண்ணுக்கே தெரியாமல் போய்விடுகிறது. புதிதாக வந்தவருக்குத்தான் அது குத்துகிறது, அவருக்கோ வாய் திறக்கத் தைரியம் இல்லை.

நான்கு மெஷினுக்கும் தலைக்கு ஒரு நூல் கட்டர் வாங்கி, மெஷின் தலையிலேயே நாடாவில் கட்டித் தொங்கவிட்டோம். செலவு சொல்லும்படியாக இல்லை. பத்து அங்குலக் கத்தரிக்கோல் துணிக்கு மட்டும் என்று மாஸ்டரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் காகிதப் பேட்டர்ன் வெட்டுவதும் நின்றது. காகிதம் கத்தரியின் முனையைத் துணியைவிட வேகமாக மழுங்கடிக்கும் என்று தையல் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லாக் கடையிலும் நடக்கிறது, கைக்கு வேறு கத்தரி எட்டாததால்.

ஊசி விவகாரம் இதைவிட ஆழமானது. ஊசியின் வேலை நேரம் சுமார் எட்டு மணி நேரத் தையல் என்பது பொதுவான கணக்கு. சீசனில் இந்தக் கடையில் ஒரு மெஷின் ஒரே நாளில் அதைத் தாண்டிவிடும். ஆனால் இங்கே ஊசி மாற்றப்பட்டது உடைந்தபோது மட்டும். ஒரு மெஷினிலிருந்து கழற்றிய ஊசியின் முனையை நகத்தின் மேல் வைத்து இழுத்துப் பார்த்தேன்; கோடு கிழித்தது. முனை வளைந்து கொக்கி போலாகிவிட்டிருந்தது. அப்படிப்பட்ட ஊசி துணியின் இழையை விலக்கிப் போகாமல் அறுத்துக்கொண்டு இறங்கும். ‘டொக் டொக்’ என்று சத்தம் வரும். தையல் தாவும், நூல் அறும். நூல் அறுந்தால் தைப்பவர் நூலின் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டென்ஷனைத் திருகுவார், திருகிய டென்ஷன் அடுத்த துணிக்குப் பொருந்தாது, மறுபடி திருகுவார். நாள் முழுவதும் இந்தத் திருகல் நடந்தது. காடாத் துணிக்கும் வாயில் என்ற மெல்லிய துணியில் தைக்கும் ரவிக்கைக்கும் ஒரே 16-ஆம் எண் ஊசிதான் என்பது தனிக் கதை. மெல்லிய துணிக்கு 11, நடுத்தரத் துணிக்கு 14 போட்டால் போதும்.

ஏன் மாற்றவில்லை? ஊசி விலை ஒரு பொருட்டல்ல என்று உரிமையாளரே சொன்னார். சொல்லிவிட்டு, கல்லாப்பெட்டிக்கு அடியில் இருந்த பூட்டிய இழுப்பறையைத் திறந்து ஒரு பாக்கெட் எடுத்துக் காட்டினார். பூட்டுதான் காரணம். ஊசி வேண்டுமென்றால் எழுந்து போய்க் கேட்க வேண்டும், கேட்டால் “அதற்குள் உடைத்துவிட்டாயா?” என்று ஒரு வார்த்தை வரும். அவர் அதை விளையாட்டாகத்தான் சொல்வாராம். கேட்கிறவர் காதில் அது கணக்குக் கேட்பது போல விழுந்தது. ஊசி கேட்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாக ஆகிவிட்ட கடையில், மழுங்கிய ஊசி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அந்தக் கடிகார ஆய்வுகளின் தந்தையான பிரடெரிக் டெய்லரிடம் எனக்கு ஒத்துப்போகும் இடம் ஒன்று இங்கே வருகிறது. அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் தொழிலாளர்கள் தங்கள் மண்வாரியைத் தாங்களே கொண்டு வந்தார்கள்; எதை அள்ளினாலும் அதே மண்வாரி. பொடி நிலக்கரியை அள்ளும்போது ஒரு வாரில் மூன்றரை பவுண்டு ஏறியது. இரும்புத் தாதை அள்ளும்போது 38 பவுண்டு. ஒருவர் நாள் முழுவதும் தாங்கி அதிகம் அள்ளக்கூடிய எடை 21 பவுண்டு அளவில் இருப்பதாக டெய்லர் கண்டார். அதன்படி ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனி மண்வாரி செய்து, அவற்றை ஆலையே ஒரு கருவி அறையில் வைத்துக் கொடுத்தது. மண்வாரியின் அளவைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கருவியைக் கொடுப்பது யார் பொறுப்பு என்ற கேள்விக்கு அங்கே பதில் மாறியதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

கடையில் செய்தது எளிது. ஊசிகளை எண் வாரியாக மூன்று சிறு டப்பாக்களில் போட்டு மெஷின்களுக்கு நடுவே சுவரில் மாட்டினோம். காலையில் மெஷினுக்கு எண்ணெய் விடும்போது சீசன் நாட்களில் ஊசியும் மாறும், கேட்க வேண்டியதில்லை. உரிமையாளருக்கு முதலில் மனம் வரவில்லை. திருடு போகும் என்று பயந்தார். ஊசியைத் திருடி யார் பணக்காரராகப் போகிறார்கள் என்று மாஸ்டர் சிரித்ததும் அந்தப் பேச்சு முடிந்தது.

மெஷினில் அடிநூல் சுற்றி வைக்கும் பாபின்களின் சிக்கலைத் தீர்த்தது நான் அல்ல. உரிமையாளரின் மாமியார். குடியாத்தத்தில் லுங்கி நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்; மதியம் கடைக்கு வந்து உட்கார்ந்து ஹெம்மிங் செய்வார். கடையில் மெஷினுக்கு இரண்டு பாபின்கள் இருந்தன. அடிநூல் தீர்ந்தால் எந்த அறிவிப்பும் வராது. தைத்துக்கொண்டே போய், ஒரு முழ நீளம் வெறும் துளையாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் தெரியும். பிறகு பாபினை எடுத்து, சுற்றி, மாட்டி, விட்ட இடத்திலிருந்து மறுபடி. நூலின் நிறம் மாற வேண்டியிருந்தால் பாதி நூல் உள்ள பாபினைப் பிரித்து எறிந்துவிட்டு வேறு நிறம் சுற்றுவார்கள். ஒரு நாள் நான் இதைக் குறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த மாமியார், “தறியில் உட்கார்ந்தவனே தாரும் சுற்றினால் நெய்வது யார் தம்பி?” என்றார்.

கைத்தறி வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் தாரை, அதாவது ஊடைநூல் சுற்றிய குச்சியை, நெய்பவர் சுற்றுவதில்லை. பெரியவர்களோ பெண்களோ ராட்டையில் சுற்றிக் கூடையில் நிரப்பி வைத்துவிடுவார்கள். தீர்ந்த தாரை எடுத்துப்போட்டு நிரம்பிய தாரை வைப்பது நெய்பவருக்கு ஒரு கணம். வேலூர் வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த இந்த ஏற்பாடு, அதே குடும்பத்தின் தையற்கடைக்குள் மட்டும் நுழையவே இல்லை. பழக வந்த பெண் காலையில் முதல் வேலையாக வெள்ளை, கருநீலம், காக்கி, மெரூன் என்று அன்றைய நிறங்களில் பாபின்களைச் சுற்றி ஒரு துளையிட்ட பலகையில் குத்தி வைக்க ஆரம்பித்தாள். கூடுதல் பாபின்கள் வாங்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை தேவை: பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் எல்லாப் பாபினும் எல்லாப் பாபின் கேஸிலும் பொருந்தாது. கேஸைக் கையோடு கொண்டு போய்ப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வளைந்த பழைய பாபின்களைக் குப்பையில் போட வைக்கத்தான் பெரும்பாடு பட்டோம்.

இனி இன்ச் டேப். இந்தக் கடையின் மிகப் பெரிய ஒழுகல் இங்கேதான் இருந்தது, கடைக்குள் ஒரு மனஸ்தாபமும் இதனால்தான் வளர்ந்தது.

தைத்துக் கொடுத்த ரவிக்கைகள் ‘டைட்’ என்று திரும்பி வருவது வழக்கமாகியிருந்தது. கவுண்டருக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு கொக்கி. அதில் எப்போதும் துணி தொங்கும். பிரிப்பது, மறுபடி தைப்பது எல்லாம் கூலி இல்லாத வேலை. அளவெடுத்த உரிமையாளர், மாஸ்டர் வெட்டுவதில் இறுக்குகிறார் என்று நினைத்தார். மாஸ்டர், அளவெடுப்பதில் இழுத்துப் பிடிக்கிறார்கள் என்று நினைத்தார். இருவரும் வெளியே சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் எச்சரிக்கையாகக் கொஞ்சம் கூட்டிக்கொண்டதில், சில ரவிக்கைகள் ‘லூஸ்’ என்றும் திரும்பின.

என் கருவிப்பெட்டியிலிருந்து 24 அங்குல எஃகு ஸ்கேலை எடுத்துப்போய்க் கவுண்டர் டேப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். டேப் நீண்டிருந்தது. மலிவான பிளாஸ்டிக் டேப், மேற்கு வெயில் படும் கவுண்டர் கம்பியில் எப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. வேலூரின் மே மாத வெயில் எதைத்தான் விட்டுவைக்கும்? முனையில் இருக்கும் தகடும் தளர்ந்து முதல் அங்குலமே நம்ப முடியாததாக ஆகியிருந்தது.

60 அங்குல டேப் அரை அங்குலம் நீண்டுவிட்டது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். உண்மையில் 36 அங்குலம் இருக்கும் மார்பளவை அது 35.7 என்று காட்டும். நோட்டில் 35¾ என்று ஏறும். கால் அங்குலம் குறைவு. ஆனால் இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அதே நீண்ட டேப்பால் துணியையும் அளந்து வெட்டினால் தவறு தானாகவே சரியாகிவிடும்; உடம்பில் குறைந்த அதே அளவு துணியில் கூடிவிடும். ஒரே ஆள் ஒரே டேப்பை வைத்துக்கொண்டு அளவெடுத்து வெட்டும் சிறு கடைகளில் இந்தக் கோளாறு ஆயுள் முழுவதும் தெரியாமலே இருக்கலாம். இங்கே மாஸ்டர் தன் மேசையில் மர ஸ்கேலும் தன்னுடைய நல்ல டேப்பும் வைத்திருந்தார். இரண்டு டேப்புகளும் தனித்தனியே இருந்தவரை யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டுக்கும் இடையில்தான் கால் அங்குலம் காணாமல் போனது. பள்ளிச் சீருடையை ‘வளர்கிற பிள்ளை’ என்று தாராளமாகத் தைப்பதால் அதில் இந்தத் தவறு வெளியே வரவில்லை. உடம்போடு ஒட்டித் தைக்கும் ரவிக்கையில் கால் அங்குலம் மறைய இடமில்லை.

உள்ளே கண்ணாடி இழை ஓடும் டேப்புகள் எளிதில் நீள்வதில்லை. லாங் பஜாரில் அப்படிப்பட்ட இரண்டை வாங்கினோம், எஃகு ஸ்கேலைக் கையோடு கொண்டு போய் அங்கேயே ஒத்துப்பார்த்து. கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புதிய டேப்பிலும் அச்சுப் பிழை வரலாம் என்பதால் அந்தப் பார்வையைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். பழைய டேப்பை உரிமையாளரே வெட்டிப் போட்டார், மாஸ்டர் பார்க்கும்படி. மன்னிப்பு என்று எதுவும் பேசப்படவில்லை. அன்று மாலை தேநீரோடு மாஸ்டருக்கு ஒரு மசால்வடையும் வந்தது.

மாற்றியதெல்லாம் நல்லதாக முடியவில்லை. மாஸ்டரின் கத்தரிக்கோல் இருபது வயதைத் தாண்டியது, கனமானது, மீரட்டில் செய்தது (மீரட் கத்தரிக்கோலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது). இதை மாற்றினால் அவர் மணிக்கட்டு வலி குறையும் என்று உரிமையாளர் இலேசான, நேரான கைப்பிடி உள்ள புதியதொன்றை வாங்கித் தந்தார். மாஸ்டர் ஒரு துணியை வெட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டார். “இதைத் தூக்கித்தான் வெட்ட வேண்டியிருக்கிறது அம்மா. என்னுடையது மேசை மேல் படுத்துக்கொண்டு போகும்.” அவர் சொன்னது சரி. வளைந்த கைப்பிடி உள்ள கத்தரிக்கோலில் கீழ் அலகு மேசையோடு ஒட்டி நகரும்; துணி எழும்பாது. நேர்க் கைப்பிடியில் துணி தூக்கப்பட்டு, கீழ் மடிப்பு விலகிவிடும். கனத்தைச் சுமப்பது மேசைதான், அவர் கையல்ல. வலிக்குக் காரணம் நடுத்திருகு தளர்ந்திருந்ததும் அலகு மழுங்கியதும். சாணை பிடித்துத் திருகை இறுக்கியதோடு அந்தக் கத்தரிக்கோல் இன்னும் இருபது ஆண்டுக்குத் தயார். பழையது என்பதற்காக ஒன்றை மாற்றுவதும், புதியது என்பதற்காக ஒன்றை வைத்திருப்பதும் ஒரே வகைக் கவனக்குறைவு.

மோட்டாரும் அப்படித்தான் பாதி வெற்றி. இரண்டு மெஷின்களுக்கு மோட்டார் பொருத்தினார்கள். நீளத் தையலுக்கு அருமை. காலர் முனையில், ஒவ்வொரு குத்தாக இறங்க வேண்டிய இடத்தில், மூத்த தையற்காரருக்கு அது ஒத்துவரவில்லை; அவர் பெடல் மெஷினுக்கே திரும்பினார். இப்போது சட்டைகள் பாதி வழி மோட்டாரிலும் மீதி வழி பெடலிலும் போகின்றன. பெடலின் தோல் பெல்ட் தொய்ந்திருந்ததை ஒரு அங்குலம் வெட்டிக் கம்பி போட்டதே அவருக்குப் போதுமான முன்னேற்றம்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: குழல் விளக்கு தைப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது, கருநீலத் துணியில் கருநீல நூல் அவரவர் நிழலிலேயே மறைந்தது, காந்தத்தில் ஒட்டும் சிறு எல்இடி விளக்குகள் வந்ததும் தீர்ந்தது. அளவு நோட்டைத் தேதிவாரியாக எழுதாமல் பெயரின் முதல் எழுத்துவாரியாகப் பிரித்ததும் அவ்வளவே.

இத்தனைக்கும் பிறகு அந்தச் சீசனில் ரவிக்கைக் கொக்கி பெரும்பாலும் காலியாக இருந்தது. தைக்கும் பெண்களின் வாரக் கூலி கூடியது. ஆனால் சீருடைகள் எதிர்பார்த்த அளவு முன்கூட்டிப் போகவில்லை. மெஷின் பக்கம் வேகம் கூடியபோது குவியல் இடம் மாறியது, அவ்வளவுதான். சட்டைகளுக்குக் காஜா, அதாவது பொத்தான் துளை, வெளியே ஒரு கடையில் போடப்படுகிறது. இரவு கடை மூடும்போது மூட்டை அங்கே போகும், மறுநாள் மாலை திரும்பும். முன்பு பகலெல்லாம் தைத்தும் மூட்டை சிறிதாக இருந்ததால் இந்த ஒரு நாள் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது காஜாவுக்குக் காத்திருக்கும் சட்டைகள் வெட்டும் மேசை வரை வந்து உட்கார்ந்துகொண்டன.

காஜா மெஷின் வாங்கலாமா என்று கணக்குப் போட்டோம். சீசன் தவிர மற்ற மாதங்களில் அது தூங்கும். விலைக்கும் வட்டிக்கும் கட்டுப்படியாகாது. காஜா கடைக்காரரிடம் பேசியதில், அவருக்கு முற்பகலில் வேலை குறைவு என்று தெரிந்தது. ஆகவே வரும் சீசனில் காலையிலும் இரவிலும் இரண்டு மூட்டைகள் போகும். மாஸ்டர் சட்டைகளை முதலில் வெட்டிக் கொடுத்துவிடுவார். காஜாவுக்குப் போகாத பாவாடைகளும் கால்சட்டைகளும் அதன் பின்னால் வரும். புதிய மெஷினும் புதிய ஆளும் இப்போதைக்கு இல்லை. பழக வந்த பெண் நான்காவது மெஷினில் உட்காருவாள்.

மாஸ்டர் இந்த வரிசைக்கு ஒப்புக்கொண்டது ஒரு நிபந்தனையின் பேரில்: அவர் துணி விரித்து வெட்டும் நேரத்தில் மேசைக்கு மேல் இருக்கும் மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதத்தில், வேலூரில். தைக்கும் பெண்கள் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.